கிளட்ச் பிடிக்காமல் கியர் இறக்குவது வீரமா?

சென்ற பருவ விடுமுறையில் மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்தேன். பெரிய விபத்து ஒன்றுமில்லை. தங்காக்கிலிருந்து சாகில் வழியாகச் சிகாமட் போகும் சாலை. மழை விட்டு அரை மணி நேரம் இருக்கும். அண்ணனின் 150 சிசி மோட்டாரில், நான்காவது கியரில், லேடாங் மலையை வேடிக்கை பார்த்துக்கொண்டே வந்தவள், எதிரே வந்த வலப்பக்க வளைவு நினைத்ததைவிட இறுக்கமாக இருப்பதைக் கடைசி நேரத்தில்தான் கவனித்தேன். கிளட்சைத் தொடாமல் படபடவென்று இரண்டு மிதி மிதித்து இரண்டாவது கியருக்கு இறக்கினேன். யாரோ பின்சக்கரத்தைக் கையால் பிடித்து நிறுத்தியது போல் இருந்தது. அடுத்த கணம் நானும் மோட்டாரும் சாலையோரப் புல்லில் கிடந்தோம்.

வலது முழங்கால் தோல் உரிந்தது. பிரேக் மிதி வளைந்தது. அம்மா இரண்டு வாரம் சரியாகப் பேசவில்லை. பார்க்க வந்த அத்தைமார்கள், "பொம்பளப் பிள்ளைக்கு ரெம்பிட் ஆசை வந்திருச்சு" என்றார்கள். அண்ணனோ, "நீ மிதிச்ச வேகம் பத்தல. கிளட்ச் இல்லாம இறக்கணும்னா பயப்படக் கூடாது" என்றான்.

இரண்டு பேச்சும் தவறு என்று சொல்லத்தான் இந்தக் கட்டுரையை எழுதுகிறேன். நான் விழுந்ததற்குக் காரணம் ரெம்பிட் ஆசையும் இல்லை, பயமும் இல்லை. எனக்கு யாரும் கற்றுத்தராத ஒன்றை, அரைகுறையாகப் பார்த்துச் செய்ததுதான் காரணம். நம் ஊரில் 17, 18 வயதில் கிளட்ச் மோட்டாருக்கு மாறும் பெரும்பாலான பிள்ளைகளின் நிலை இதுதான் என்று நினைக்கிறேன்.

நான் ஓட்டப் பழகியது அப்பாவின் இஎக்ஸ்5 கப்சாயில். அப்பா மூவாரில் ஒரு மரத்தளவாடத் தொழிற்சாலையில் வேலை செய்கிறார். இத்தனை ஆண்டுகளாக அதே மோட்டாரில்தான் போய் வருகிறார். சின்ன வயதில் புத்தகப் பையோடு பின்னால் உட்கார்ந்து தமிழ்ப்பள்ளிக்குப் போகும்போது அவர் கியர் மாற்றுவதே எனக்குத் தெரியாது. சமிக்ஞை விளக்கு வரும், "உம்" என்று இன்ஜின் ஒருமுறை லேசாக முனகும், மோட்டார் வேகம் குறையும். என் நெற்றி ஒரு நாளும் அவர் முதுகில் இடித்ததில்லை. மற்ற மாமாக்களின் மோட்டாரில் ஏறினால் ஒவ்வொரு கியருக்கும் ஒரு முட்டு.

அந்த முனகல் என்ன என்பது, விழுந்த பிறகுதான் எனக்குப் புரிந்தது. கப்சாயில் கிளட்ச் பிடி இல்லை. ஆனால் கிளட்ச் உண்டு. 1958இல் ஹோண்டா சூப்பர் கப் வந்தபோதே இந்த அமைப்பு வந்துவிட்டது. சோபா நூடல் கொண்டுபோகும் பையன் ஒரு கையில் தட்டைப் பிடித்துக்கொண்டே ஓட்ட முடிய வேண்டும் என்று சோய்ச்சிரோ ஹோண்டா விரும்பியதாகச் சொல்வார்கள். அதனால் கிளட்சைக் கையிலிருந்து காலுக்கு மாற்றினார்கள். கியர் மிதியை அழுத்தும்போதே உள்ளே கிளட்ச் விலகுகிறது. அழுத்திப் பிடித்திருக்கும் வரை விலகியே இருக்கிறது. காலை எடுக்கும்போது சேர்கிறது. அப்பா செய்வது இதுதான்: குதிகாலால் மிதியை அழுத்திப் பிடிக்கிறார், திராட்டலை ஒரு துளி முறுக்கி விடுகிறார், இன்ஜின் சுழற்சி ஏறியதும் காலை மெதுவாக எடுக்கிறார். பந்தய வீரர்கள் 'பிளிப்' என்று சொல்வது அதைத்தான். அப்பாவுக்கு அந்தச் சொல் தெரியாது. "சத்தம் சேரணும்மா, அப்பத்தான் மோட்டார் குலுங்காது" என்பார், அவ்வளவுதான்.

ஆக, நம் ஊரில் கப்சாயில் வளர்ந்த எல்லோரும் "கிளட்ச் இல்லாமல் கியர் இறக்கி"ப் பழகியவர்கள்தான். ஆனால் உண்மையில் நாம் கிளட்சைப் பயன்படுத்திக்கொண்டேதான் இருந்தோம், காலால். அது தெரியாமல், கிளட்ச் பிடியுள்ள மோட்டாருக்கு மாறியதும் அதே பழக்கத்தில் மிதியை மட்டும் மிதிக்கிறோம். அங்கே மிதியோடு கிளட்ச் இணைந்திருக்கவில்லை. இந்த ஒரு வித்தியாசத்தை எனக்கு யாராவது சொல்லியிருந்தால் என் முழங்கால் தப்பியிருக்கும்.

இனி கொஞ்சம் கணக்கு. பயப்பட வேண்டாம், எஸ்.பி.எம். அளவுதான். மூன்றாவது கியரில் இன்ஜின் நிமிடத்துக்கு 6,000 முறை சுழல்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதே வேகத்தில் இரண்டாவது கியருக்கு இறங்கினால் இன்ஜின் எவ்வளவு சுழல வேண்டும்? சின்ன மோட்டார்களில் இந்த இரண்டு கியர்களுக்கும் இடையிலான விகிதம் ஏறக்குறைய 1.3. ஆகவே 8,000ஐ ஒட்டி. இடையில் இருக்கும் அந்த 2,000 சுழற்சியை யார் கொடுப்பது? திராட்டலை முறுக்கி நாம் கொடுக்கலாம். நாம் கொடுக்காவிட்டால் பின்சக்கரம் கொடுக்க வேண்டியிருக்கும். சாலையைப் பிடித்திருக்கும் டயர், அந்தப் பிடியைச் செலவழித்து இன்ஜினை வேகமாகச் சுழற்ற வேண்டும். அப்போது வண்டி பின்னுக்கு இழுப்பது போல் ஒரு வெட்டு விழுகிறது.

இதில் இன்னொரு சங்கடம், கியர் இறக்கும் நேரம் பெரும்பாலும் பிரேக் பிடிக்கும் நேரமாகவே இருக்கிறது. பிரேக் பிடித்தால் எடை முன்சக்கரத்துக்குப் போய்விடும். பின்சக்கரம் இலேசாகிவிடும். இலேசான சக்கரத்தின் மேல், ஈரச் சாலையில், சாய்ந்த நிலையில், ஒரே நேரத்தில் இரண்டு கியரின் சுமையை ஏற்றினேன். அது வழுக்காமல் இருந்திருந்தால்தான் ஆச்சரியம். ஏ.பி.எஸ். இருந்தால் காப்பாற்றியிருக்குமே என்று நண்பர் ஒருவர் கேட்டார். பிரேக் சக்கரத்தைப் பூட்டிவிடாமல் பார்த்துக்கொள்வதுதான் ஏ.பி.எஸ்.ஸின் வேலை. இன்ஜின் இழுத்துப் பூட்டினால் அதனால் ஒன்றும் செய்ய முடியாது.

கியர் விகிதம் பற்றிய கணக்குகளை நான் பள்ளியில் போட்டிருக்கிறேன். மலாயிலும் ஆங்கிலத்திலும் படித்து, நல்ல மதிப்பெண்ணும் வாங்கியிருக்கிறேன். அதே பல்சக்கரம்தான் என் காலுக்குக் கீழே சுழல்கிறது என்ற எண்ணம் ஒரு நாளும் வந்ததில்லை. விழுந்த பிறகு, கட்டுப்போட்ட காலோடு, சித்தி மகனுக்குத் தமிழில் விளக்க முயன்றபோதுதான் எனக்கே முழுதாக விளங்கியது. 'ரெவ் மேட்சிங்' என்று வீடியோவில் பலமுறை கேட்டபோது ஏறாதது, "சத்தம் சேரணும்" என்ற அப்பாவின் பேச்சில் ஏறிவிட்டது.

சரி, கிளட்ச் பிடியுள்ள மோட்டாரில் அதைத் தொடாமலே கியர் இறக்க முடியுமா? முடியும். பந்தயத் தடத்தில் ஓட்டும் பலர் செய்கிறார்கள். மோட்டார் சைக்கிளின் கியர்ப் பெட்டிக்குள் பல்சக்கரங்கள் எப்போதும் ஒன்றோடொன்று கோத்தபடியே சுழல்கின்றன. கியர் மாற்றும்போது மாறுவது அந்தப் பற்கள் அல்ல. சக்கரத்தின் பக்கவாட்டில் இருக்கும் தடித்த முட்டுகள் ஒரு சக்கரத்திலிருந்து விலகி, அடுத்த சக்கரத்தின் துளைக்குள் நுழைகின்றன. இன்ஜின் வண்டியைத் தள்ளும்போதும் சரி, வண்டி இன்ஜினை இழுக்கும்போதும் சரி, இந்த முட்டுகள் ஒன்றையொன்று அழுத்திக்கொண்டு இறுகி நிற்கும். விலகாது. கிளட்ச் அந்த அழுத்தத்தை நீக்குகிறது. அதே வேலையைத் திராட்டலும் செய்யும். வேகம் குறையும்போது வண்டி இன்ஜினை இழுத்துக்கொண்டிருக்கிறது. அப்போது திராட்டலைச் சுருக்கென்று முறுக்கினால், இழுப்பு தள்ளலாக மாறும் இடையில் ஒரு நொடியின் சிறு பகுதி எந்த அழுத்தமும் இருக்காது. அந்த இடைவெளியில் மிதி இறங்கிவிடும். சுழற்சியும் ஏறியிருப்பதால் வண்டி குலுங்காது. பிளிப் இங்கே இரண்டு வேலை செய்கிறது: பூட்டைத் திறக்கிறது, சத்தத்தையும் சேர்க்கிறது.

அண்ணன் சொன்ன "வேகமாக மிதி" இதில் எங்கே வருகிறது? எங்கேயும் இல்லை. இடைவெளியை உண்டாக்குவது வலது மணிக்கட்டு. கால், மிதியின் மேல் லேசாக அழுத்தம் கொடுத்துக் காத்திருந்தால் போதும். இடைவெளி இல்லாமல் ஓங்கி மிதித்தால் முட்டுகள் ஒன்றோடொன்று மோதி முனை மழுங்கும். அப்படி மழுங்கிய கியர் பிறகு சுமை ஏறும்போது தானாக நழுவும். கியர் எதிலும் விழாமல் நடுவில் நின்றுவிடுவதும் உண்டு. வளைவுக்குள் நுழையும்போது இன்ஜின் பிடிப்பே இல்லாமல் வண்டி உருண்டு போவது எப்படிப்பட்ட அனுபவம் என்று அண்ணனைக் கேட்டால் சொல்வான். அவனுக்கு இரண்டு முறை நடந்திருக்கிறது. வீட்டில் சொன்னதில்லை, இப்போது நான் சொல்லிவிட்டேன்.

உண்மையில் கடினமான பகுதி வேறு. வலது கையின் இரண்டு விரல்கள் முன்பிரேக்கை ஒரே அளவாக அழுத்திக்கொண்டிருக்க வேண்டும், அதே கையின் உள்ளங்கை திராட்டலை முறுக்கி விட வேண்டும். பழகாதவர்களுக்கு முறுக்கும்போது பிரேக் தளரும், அல்லது இறுகும். பந்தய வீரர்கள் மாதக் கணக்கில் பழகுவது இதைத்தான். கிளட்சை விடுவது அதற்குப் பிறகு வரும் சின்ன வசதி, அவ்வளவே. கிளட்சைப் பிடித்துப் பிளிப் செய்து இறக்கும் நல்ல வீரர்கள் இன்றும் நிறைய இருக்கிறார்கள்; அவர்களை யாரும் கத்துக்குட்டி என்று சொல்வதில்லை.

சிப்பாங் பந்தயத்தை ஒரு முறை நேரில் பார்த்திருக்கிறேன். வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில் தங்காக்கிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் போய்விடலாம். பின்பக்க நேர்ப்பாதை முடியும் கடைசி வளைவுக்கு எதிரே உட்கார்ந்திருந்தோம். முழு வேகத்தில் வரும் வண்டிகள் அங்கே மிகக் குறைந்த வேகத்துக்கு இறங்க வேண்டும். ஒவ்வொரு வண்டியும் கியர் கியராக இறங்கும்போது "ட்ராம், ட்ராம், ட்ராம்" என்று எழும் சத்தம் வயிற்றுக்குள் கேட்கும். அண்ணன் அந்தச் சத்தத்துக்காகவே மோட்டார் வாங்கினவன்.

ஆனால் மோட்டோஜிபி வண்டியில் அந்தப் பிளிப்பைக் கொடுப்பது வீரரின் மணிக்கட்டு அல்ல, கணினி. கியர் மிதியில் இருக்கும் உணரி சொன்னதும் அது திராட்டலைத் திறந்து மூடுகிறது. போதாததற்கு, பின்சக்கரத்தின் இழுப்பு அளவு மீறினால் தானாக வழுக்கிக் கொடுக்கும் 'ஸ்லிப்பர்' கிளட்ச் இருக்கிறது. 2011இல் ஹோண்டா தொடங்கிவைத்த இடைவெளியற்ற கியர்ப் பெட்டியும் இருக்கிறது. கடைகளில் விற்கும் விலையுயர்ந்த பெரிய மோட்டார்களிலும் இந்தத் தானியங்கிப் பிளிப் வந்துவிட்டது. இவை எதுவுமில்லாத மோட்டாரில், பள்ளமும் மணலும் நாயும் உள்ள சாலையில், அந்தச் சத்தத்தை மட்டும் நாம் காப்பியடிக்கிறோம்.

இதைச் சொல்லும்போது பந்தயத்தையே பழிப்பதாக எண்ண வேண்டாம். எனக்கு அது பிடிக்கும். 1994இல் தொடங்கிய மலேசிய கப் பிரிக்ஸ், நாம் தினமும் ஓட்டும் கப்சாய் வகை வண்டிகளை வைத்தே நடக்கும் போட்டி. ஹபிஸ் ஷாரின், கைருல் இதாம் பாவி போன்றவர்கள் அங்கிருந்து வளர்ந்தவர்கள்தான். கைருல் 2016இல் மோட்டோ3 பிரிவில் அர்ஜெண்டினாவிலும் ஜெர்மனியிலும் வென்றார். இரண்டும் ஈரத் தடத்தில் நடந்த பந்தயங்கள். ஈரத்தில் பின்சக்கரத்தைக் கெடுக்காமல் கியர் இறக்கத் தெரியாதவர் அங்கே முதல் வளைவைத் தாண்டியிருக்க மாட்டார்.

சென்னைக்கு அருகே இருங்காட்டுக்கோட்டையில் ஒரு பந்தயத் தடம் இருக்கிறது. அதற்கு முன் சோழவரத்தில் பழைய விமான ஓடுபாதையிலேயே பந்தயம் நடத்தினார்கள். டிவிஎஸ் நிறுவனம் 1982இலிருந்து பந்தய அணி வைத்திருக்கிறது. அதன் வீரர் ஜெகன் குமார் தேசியப் பட்டங்களைப் பலமுறை வென்ற தமிழர். இவர்களைவிட என்னைக் கவர்ந்த செய்தி, கலிபோர்னியா சூப்பர்பைக் பள்ளி அதே தடத்துக்கு வந்து, பணம் கட்டிய சாதாரண ஓட்டுநர்களுக்கும் பாடம் நடத்தியிருக்கிறது என்பது. கட்டணம் சாதாரணமானதல்ல, தெரியும். ஆனால் அங்கே ஓட்டுவது ஒரு பாடம். வகுப்பில் உட்கார்ந்து கேட்டு, தடத்தில் ஓட்டி, திரும்ப வந்து கேட்கும் பாடம்.

நமக்கு அந்தப் பாடம் எங்கே கிடைக்கிறது? நான் 'பி2' உரிமம் எடுத்த பயிற்சி மையத்தில் எட்டு வடிவம், வளைந்து வளைந்து போவது, ஒடுக்கமான பலகைப் பாலம் எல்லாம் பழக்கினார்கள். பாலத்தில் விழாமல் போக இன்றும் என்னால் முடியும். அன்றாட வாழ்க்கையில் அப்படி ஒரு பாலம் இதுவரை எதிர்ப்படவில்லை. தேர்வு முழுவதும் நான் இரண்டாவது கியரைத் தாண்டவில்லை. 80 கிலோமீட்டர் வேகத்திலிருந்து ஈர வளைவுக்கு எப்படி இறங்குவது, முன்பிரேக் எவ்வளவு, பின்பிரேக் எவ்வளவு, கியரை எப்போது இறக்குவது என்று ஒரு வரி கூட யாரும் சொல்லவில்லை. உரிமம் கையில் வந்த மறுநாள் பிள்ளைகள் 150 சிசி கிளட்ச் மோட்டாரில் ஏறலாம். சட்டப்படி 250 சிசி வரை ஏறலாம்.

நம் நாட்டுச் சாலைகளில் உயிரிழப்பவர்களில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் மோட்டார் சைக்கிளில் போனவர்கள். ஒவ்வோர் ஆண்டும் பெருநாள் காலத்தில் இந்தச் செய்தியைப் படித்துவிட்டு "வேகத்தைக் குறையுங்கள்" என்கிறோம். வேகத்தை எப்படிக் குறைப்பது என்பதும் கற்க வேண்டிய ஒரு திறமை என்று யாரும் சொல்வதில்லை. கிளட்ச் வகை மோட்டார் ஓட்டப் போகிறவர்களுக்கு அரை நாள் தனிப் பயிற்சி வேண்டும் என்பது என் கருத்து. பிரேக், கியர் இறக்கம், பிளிப், மூன்றே பாடம். பயிற்சி மையத்தில் இடம் ஏற்கனவே இருக்கிறது.

இப்படிக் கற்றுக்கொடுத்தால் பையன்கள் இன்னும் ரேஸ் ஓட்டுவார்களே என்று கேட்பவர்கள் உண்டு. அம்மாவே கேட்டார். சமிக்ஞை விளக்கில் நின்றுகொண்டு "ரூம் ரூம்" என்று முறுக்குகிறவனுக்கு இந்தப் பாடம் தேவைப்படவில்லை, அவன் ஏற்கனவே ரேஸ் ஓட்டிக்கொண்டுதான் இருக்கிறான். நின்ற வண்டியில் முறுக்குவது பிளிப்பும் அல்ல, வெறும் சத்தம். ஆனால் எங்கள் தாமானுக்குள் நுழையும்போது அப்பா ஒருமுறை லேசாக முறுக்கிக் கியர் இறக்கினாலும், பக்கத்து வீட்டுப் பாட்டி "ரெம்பிட் மாதிரி" என்கிறார். 58 வயது மனிதர், இஎக்ஸ்5இல், பின்னால் காய்கறிப் பையோடு!

சாலையில் கிளட்ச் பிடித்தே கியர் இறக்க வேண்டும் என்பதில் எனக்கு இப்போது சந்தேகமே இல்லை. தடத்தில் மிச்சமாகும் கால் நொடியால் ஒருவர் முந்தலாம். தங்காக் ஜவுளிக்கடைத் தெருவில் அந்தக் கால் நொடியை வைத்து என்ன செய்வது? கிளட்ச் கையில் இருந்தால், பிளிப் தவறினாலும் அதை மெதுவாக விட்டு அதிர்ச்சியைக் குறைத்துவிடலாம். தவறுக்கு இடம் கொடுக்கும் வழி அது. கிளட்ச் இல்லாத முறை பிழையை மன்னிக்காது. எதிரே லாரி வரும் சாலையில் பழக அது ஏற்றதல்ல. அண்ணன் இதை ஒப்புக்கொள்ளவில்லை. "அப்ப எங்கதான் பழகறது?" என்கிறான். நியாயமான கேள்வி. பெரிய மோட்டாரும் கையில் பணமும் உள்ளவர்களுக்குச் சிப்பாங் இருக்கிறது. கப்சாயும் 150 சிசியும் ஓட்டும் ஜொகூர் பையனுக்கு, ஞாயிற்றுக்கிழமை காலையில் அவன் கையில் இருக்கும் காசுக்குக் கட்டுப்படியாகிற, வேலி போட்ட, ஆம்புலன்ஸ் நிற்கிற ஓர் இடம் பக்கத்தில் இல்லை. இடம் இல்லாதவரை சாகில் சாலைதான் அவனுக்குத் தடம். இளைஞர் அமைப்புகள் காற்பந்துக்கும் பூப்பந்துக்கும் இடம் கேட்பது போல் இதற்கும் கேட்கலாமே.

கால் ஆறிய பிறகு, பல்கலைக்கழகம் திரும்புவதற்கு முந்தைய ஞாயிறு, ஊரில் காலியாகக் கிடக்கும் ஒரு வாகன நிறுத்துமிடத்துக்கு அப்பா என்னையும் சித்தி மகனையும் கூட்டிப் போனார். தம்பிக்கு 17 வயது, உரிமம் எடுத்து இரண்டு மாதம்தான் ஆகிறது. அண்ணனின் மோட்டார், பிரேக் மிதி நிமிர்த்தியாகிவிட்டது. கிளட்சைப் பிடி, ஒரு துளி முறுக்கு, கியரை இறக்கு, கிளட்சை மெதுவாக விடு. மூன்றிலிருந்து இரண்டு மட்டும். பிரேக் பிறகு. அப்பா மர நிழலில் நின்று கண்ணை மூடிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார்.

"இன்னும் சேரல" என்றார். மறுபடி. "கொஞ்சம் அதிகமாயிருச்சு." மறுபடி. ஏழாவது முறை தம்பி இறக்கியபோது மோட்டார் குலுங்கவே இல்லை. அப்பா தலையாட்டினார். எட்டாவது முறை மறுபடி குலுங்கியது.